மல்லாந்து பார்க்க ஒரு படம்

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து கணவரை ஜனக்புரி வீட்டுக்கு அழைத்து வந்தபோது, குளிர்காலம் முடியும்வரை மல்லாந்தே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வரைகிறவள். சுவரெல்லாம் என் படங்கள்தான். ஆனால் எதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்காக வருத்தப்படுவதையும் நான் எப்போதோ விட்டிருந்தேன்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு தூத்துக்குடி நர்ஸ் வந்தாள். "ஐயா ஓடாத ஃபேனையே பாத்துக்கிட்டு கெடக்காவம்மா. கேட்டாலும் பேச மாட்டேங்காவ" என்றாள் ஒருநாள்.

எனக்கும் பேச்சு வற்றிப்போயிருந்தது. கஞ்சி, மாத்திரை, விரிப்பு மாற்றுவது என்றே பொழுது போனது. தூரிகை காய்ந்து கிடந்தது. அவர் கண் போகிற இடத்தில் ஒரு படத்தை மாட்டினால் என்ன என்று தோன்றியது. சீலிங்கில் பிரேம் மாட்டத் தச்சரைக் கூப்பிட்டேன். "நஹி மேடம்ஜி, படுத்திருக்கும் சாஹிப் மேல் விழுந்துவிடும்" என்று அவர் கைவிரித்துவிட்டார்.

பிரேமே வேண்டாம் என்றேன். பால்கனியில் துணி காயப்போட, கயிற்றை இழுத்தால் ஏறி இறங்கும் கம்பிகள் இருந்தன. அவற்றைக் கழற்றிக் கட்டிலுக்கு மேலே பொருத்தச் சொன்னேன். யமுனையை வரைந்த பெரிய கான்வாஸைச் சட்டத்திலிருந்து உரித்தெடுத்து, துணி கிளிப்புகளால் கவ்வி, மேலே ஏற்றினேன். தோள்பட்டை விண்ணென்று வலித்தது.

இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இறக்கிடு. அந்தக் கறுப்புத் தண்ணி மேல கொட்டற மாதிரி இருக்கு. மூச்சு முட்டுது."

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. இறக்கினேன். சரியாக வரவில்லை என்று பீரோவுக்குப் பின்னால் தள்ளியிருந்த ஒன்றை ஏற்றினேன். வெயில் விழும் மஞ்சள் சுவர், அவ்வளவுதான்.

"இது இருக்கட்டும்" என்றார் சாயங்காலம்.

"ஏன், நல்லா இருக்கா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இதுல ஒண்ணும் நடக்கலை. அதான் பிடிச்சிருக்கு."

இத்தனை வருடத்தில் என் படத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது, எழுந்து போனேன்.

குர்காவ்னிலிருந்து வந்த மகள் அதைப் போட்டோ எடுத்தாள். அவளுடைய தோழி கேலரி நடத்துகிறவள். போட்டோவைப் பார்த்த அந்தத் தோழி, என் படங்களையெல்லாம் சீலிங்கில் தொங்கவிட்டு, கீழே மெத்தை போட்டு ஒரு கண்காட்சி வைக்கலாம் என்றாள். மறுப்பதற்கும் சக்தி வேண்டுமே, சரியென்றேன்.

கண்காட்சி தொடங்குவதற்குள் அவர் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்திருந்தார். "படுத்துப் பாத்தது போதும்மா, நீ போயிட்டு வா" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தவர்களில் பலர் செல்ஃபி எடுத்தார்கள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண் படுத்தாள். சற்று நேரத்தில் லேசாகக் குறட்டை விட்டாள். எழுப்பட்டுமா என்று கேலரிக்காரி கண்ணால் கேட்டாள்.

"வேண்டாம்மா, தூங்கட்டும்" என்றேன்.