மண்ணெண்ணெய்க்குக் கீழே தண்ணீர்

எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்தில், கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே எனக்கு ஒரு தகரக் கொட்டில் இருந்தது. பகலில் நான் துறைமுகக் கந்தோரில் பண்டசாலைக் கிளாக்கர். பின்னேரத்தில் அந்தக் கொட்டிலில் படகு எஞ்சின் திருத்துவேன். இரண்டு வேலைக்கும் வேண்டியிருந்தது எண்ணுகிற குணம். ஒரு எஞ்சினைக் கழற்றினால் திருகாணி, வளையம், சுருள்கம்பி எல்லாவற்றையும் எண்ணித்தான் தகரப் பேணிக்குள் போடுவேன். பூட்டி முடித்தபின் பேணியில் ஒன்று மிஞ்சிக் கிடந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தக் கொட்டிலில் என்னை மிகவும் அரித்த பொருள் பாகங்களைக் கழுவுகிற தொட்டிதான். எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் வருவது சுருங்கிவிட்டது. புதுப் பாகம் கிடைக்காதபடியால் இருக்கிற பாகத்தையே கழுவித் துடைத்துத் திரும்பப் பூட்டவேண்டும். மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைக்கவில்லை. ஒரே எண்ணெயில் பல எஞ்சின்களைக் கழுவினேன். தொட்டி என்று சொன்னாலும் அது பாதியாக வெட்டிய ஒரு எண்ணெய்ப் பீப்பாய். முதல் பாகம் துப்புரவாக வரும். ஐந்தாவது பாகத்தை உள்ளே விடும்போது அடியில் கிடந்த மணல் கிளம்பிவிடும். பத்தாவது பாகம் கழுவியதா கழுவாததா என்று எனக்கே தெரியாது.

அதற்கு நான் கண்ட வழியை இப்போதும் பெருமையோடுதான் சொல்வேன். தொட்டியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டேன். அதற்கு மேலே மண்ணெண்ணெய். தண்ணீர் பாரம் கூடியது, ஆகையால் அது கீழேதான் கிடக்கும். பாகத்திலிருந்து உதிரும் மணல் எண்ணெயைக் கடந்து தண்ணீருக்குள் இறங்கி அங்கேயே படிந்துவிடும். பாகங்களை வைக்க நடுவில் ஒரு கம்பிவலைத் தட்டு. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப்போன காலத்தில் ஏலத்தில் எடுத்த பித்தளைக் கைப்பம்பி ஒன்று சும்மா கிடந்தது. அதைத் தொட்டியின் பக்கத்தில் பூட்டினேன். பம்பி எண்ணெயை உறிஞ்சும். பழைய சாரத்துணியின் நாலு மடிப்பு அதை வடிக்கும். வடிந்த எண்ணெய் குழாய் வழியாகப் பாகத்தின் மேல் பீய்ச்சி அடிக்கும். இப்படி ஒரு தொட்டி திருகோணமலையில் வேறு எவரிடமும் இருந்திருக்காது.

அதில் முதலில் கழுவியது, அண்ணன் என்ற பொருளில் நானா என்று நான் கூப்பிடும் மூதூர்க்காரர் ஒருவரின் எஞ்சின். படகின் பின்னால் பூட்டும் எஞ்சினை மீன்பிடிகாரர் மிசின் என்பார்கள். வயல் துண்டொன்றை விற்று அவர் வாங்கிய மிசின் அது. நான் கழுவிப் பூட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து ஓட்டிக் காட்டினேன். அருமையாக ஓடியது. அவர் அதைப் படகில் பூட்டிக்கொண்டு போய்க் கொட்டியாரக் குடாவின் நடுவில் நின்றுவிட்டார். துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தார். திரும்பவும் கழுவினேன். திரும்பவும் அதே இடத்தில் நின்றது.

"கிளாக்கர், ஒங்கட கொட்டிலுக்குள்ள நல்லாத்தான் பாடுது. கடலக் கண்டாத்தான் ஊமையாப் போகுது," என்றார்.

"என்ன எண்ணெய் விட்டீங்கள் நானா?"

"மண்ணெண்ணெய்தான். கடல்தண்ணியா ஊத்தினன்?"

இரண்டாம் முறை நின்றபின் வந்தபோது அவரோடு ஒரு சம்மாட்டியும் வந்திருந்தார். மேற்குக் கரையிலிருந்து மீன் பருவத்துக்கு வந்து இறக்கக்கண்டிக் கரையில் ஓலைக் கொட்டிலடித்து வாடி போட்டிருந்தவர். பல படகுகளுக்குச் சொந்தக்காரர். மாடு வாங்க வந்தவர் போல மிசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஐயா கழுவிக் கழுவியே இரும்பு கரைஞ்சுபோகும். அதுக்கு முந்தி எனக்குத் தந்தால் நல்லம்," என்றார்.

மூதூர்க்காரர் சிரிக்கவில்லை. "இந்த முறையும் நின்டா முதலாளிக்கிட்டக் குடுக்கப் போறன் கிளாக்கர். மறுகா அவர்ர படகுலயே கூலிக்குப் போகவேண்டியதுதான்," என்று என்னிடம் சொன்னார்.

சம்மாட்டி அதை மறுக்கவில்லை. இடம் இருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னை மிசினுக்கு முன்னால் குந்த வைத்தது.

எண்ணெய் போகிற கிண்ணத்தைக் கழற்றினேன். ஒரு மணல்கூட இல்லை. ஆனால் ஊசிமுனை அளவான துளையில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"கடல்ல ஓடுற மிசினுக்குள்ள உப்பில்லாம சீனியா கெடக்கும்?" என்றார் மூதூர்க்காரர்.

அப்படிச் சொல்லி விட்டுவிட எனக்கு ஏலாது. அந்தக் கிண்ணம் இறுக்கி மூடியது. கடல் அதற்குள் போக வழியில்லை. "நான் கழுவ முதல் இப்பிடி நின்றதோ?" என்று கேட்டேன்.

"இல்ல. அப்ப புகை கூட, சத்தம் கூட. ஆனா நிக்கயில்ல."

அந்தப் பதில் எனக்கு உறைத்தது. அவர்கள் போனபிறகு குசினிக்குப் போய், மண்ணெண்ணெய் அடுப்பின் பித்தளை மூக்கு இரண்டை எடுத்துவந்தேன். இரண்டும் கடலைக் கண்டதே இல்லை. ஒன்றை என் தொட்டியில் கழுவினேன். மற்றதைப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயில் நேரடியாகக் கழுவினேன். இரண்டையும் தகரத்தின் மேல் வெயிலில் வைத்துவிட்டு, காய்ந்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். போத்தல் எண்ணெயில் கழுவியது மினுங்கியது. தொட்டியில் கழுவியதில் வெள்ளைப் புள்ளிகள். எண்ணினேன். பதினொன்று.

துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் இரண்டு தண்ணீர். வளவுக் கிணறு உவர். அது குளிக்கவும், உடுப்புத் தோய்க்கவும், சட்டி கழுவவும். நல்ல தண்ணீரைச் சந்திக் குழாயிலிருந்து குடத்தில் சுமந்துவருவோம். அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கழுவுகிற வேலை என்றவுடன் எங்கள் கை வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குத்தான் போகும். நானும் தொட்டியின் அடியில் கிணற்றுத் தண்ணீரைத்தான் விட்டிருந்தேன். எண்ணெய்ப் பிசுக்குக் கழுவக் குடிதண்ணீர் எடுப்பதென்று அந்த ஒழுங்கையில் எவரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள்.

மிச்சம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. என் பம்பியின் வாய் தண்ணீருக்கு ஒரு விரல் மேலேதான் இருந்தது. வேகமாக அடித்தால் எண்ணெயோடு தண்ணீர்த் துளிகளும் ஏறும். வெயிலில் தண்ணீர் காய, உப்பு மிஞ்சும். உப்பு மண்ணெண்ணெயில் கரையாது. கொட்டிலில் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கும்போது ஒட்டிக்கொண்டு கிடந்த உப்பு, நடுக்கடலில் அலை உலுக்கும்போது உதிர்ந்து துளையை அடைத்திருக்கிறது.

குசினியில் மனைவியிடம் நல்ல தண்ணீர் கேட்டேன்.

"குடிக்கிற தண்ணியை அந்தக் கறுப்புப் பீப்பாய்க்குள்ள ஊத்தப் போறீங்களோ?"

"மூன்று குடம் போதும்."

"மூன்று குடம் ஆர் தூக்கிறது?"

"நான்தான்."

"குழாயடியில? பொம்பிளையளுக்கு நடுவில வரிசையில நிண்டு?"

"ஓம்."

"அப்ப நானும் வாறன். அதைப் பார்க்காமல் விட ஏலாது."

வந்தாள். குழாயடியில் ஒருத்தி, "என்ன, கிளாக்கர் ஐயா வீட்டில விசேஷமோ?" என்று கேட்டாள். "ஓம், பீப்பாய்க்குத் தாகம்," என்றாள் என் மனைவி. வரிசை முழுக்கச் சிரித்தது. நான் குடங்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது என்று பட்டது. நல்ல தண்ணீர்த் துளியும் அந்தக் கிண்ணத்துக்குள் போகக்கூடாது. பம்பியின் வாயைக் கீழே வைக்காமல் மேலே மிதக்கவிட்டால்? எண்ணெய் கூடினாலும் குறைந்தாலும் அது மேற்பரப்பிலேயே நிற்கும். ஆகத் தெளிந்த எண்ணெயைத்தான் உறிஞ்சும். மூதூர்க்காரரிடம் வலையில் கட்டுகிற மரமிதப்பு ஒன்று கொண்டுவரச் சொன்னேன்.

"மிதப்பு எதுக்கு? மிசின் தாழப்போகுதெண்டு முடிவு கட்டிட்டீங்களோ?" என்று கேட்டுக்கொண்டே தந்தார்.

றப்பர் குழாயை அந்த மிதப்பில் கட்டி விட்டேன். அது தொட்டிக்குள் வாத்துக்குஞ்சு போல மிதந்தது. நான் பம்பியை அடிக்க, இம்முறை வந்த எண்ணெய் தேநீர் நிறத்தில் தெளிவாக இருந்தது. மிசினின் அறுபத்தெட்டுப் பாகங்களையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கக் கழுவினேன். காய்ந்தபின் கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் புள்ளி ஒன்றும் இல்லை.

"கடல்ல பாப்பம்," என்றார். "நீங்களும் வாங்க. நின்டா ஆளுக்கொரு துடுப்பு."

படகுப் பயணம் என் வயிற்றுக்கு ஒத்துவராது. ஆனாலும் போனேன். சம்மாட்டி கரையில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். உட்துறைமுகத்தைத் தாண்டிக் குடாவுக்குள் இறங்கியதும் அலை தூக்கிப் போடத் தொடங்கியது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு மிசினின் வெடிச்சத்தத்தை எண்ணப் பார்த்தேன். அந்த வேகத்துக்கு எண்ண முடியவில்லை, விட்டுவிட்டேன்.

"இதுதான் இடம்," என்றார் மூதூர்க்காரர். "ரெண்டு தரமும் இஞ்சதான்."

மிசின் நிற்கவில்லை. அவர் இன்னும் வேகத்தைக் கூட்டினார். நிற்கவில்லை. குறைத்தார், திரும்பவும் கூட்டினார், வேண்டுமென்றே அலைக்குக் குறுக்கே படகை விட்டார். மூதூர்க் கரை தெரிகிற மட்டும் போய், ஒரு வட்டம் அடித்துத் திரும்பினோம். வழி முழுக்க அவர் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கரையில் சம்மாட்டி குடையை மடக்கிவிட்டுக் கிட்ட வந்தார்.

"இப்ப என்ன விலை சொல்றீங்கள்?"

"விக்கிற சாமானுக்குத்தான் விலை முதலாளி," என்றார் மூதூர்க்காரர். "இது தொழிலுக்குப் போற சாமான்."

சம்மாட்டி என்னைப் பார்த்தார். "என்ட வாடியிலயும் ரெண்டு நிக்குது. ஓடுறதும் நிக்கிறதுமாத்தான்," என்றார்.

நான் படகிலிருந்து இறங்கியதும் கல்லுப்படியில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மூதூர்க்காரர் மிசினை நிறுத்தவே இல்லை.

"மச்சான்மார் வலையோட நிக்கிறானுகள், நான் போறன்," என்று சொல்லிப் படகைத் திருப்பினார். அந்தச் சத்தம் துறைமுகத்தைத் தாண்டிக் குடாவுக்குள் போகும்வரை ஒருமுறைகூட இடறவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வாந்தி எடுத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான்.