பல் வெளுக்க இருந்த ஏழு நாள்

இருபது வயதுவரை நான் வாய் திறந்து சிரித்ததை எங்கள் வீட்டாரைத் தவிர யாரும் கண்டிருக்க மாட்டார்கள். முன்பற்கள் நான்கிலும் தேயிலைச் சாயம் பிடித்த மாதிரி மண்ணிறப் பட்டை. நான் வெற்றிலை போட்டவளும் இல்லை, பல் தீட்டாதவளும் இல்லை. பிறந்து வளர்ந்தது உள்பக்கத்துக் குடியேற்றக் கொலனி ஒன்றில். அங்கே வாப்பாவுக்கு வயல் இருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் எல்லோருக்கும் இதே பல்தான். ஆகவே அங்கே அது ஒரு குறையே இல்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வயலையும் வீட்டையும் விட்டுவிட்டு உம்மாவின் ஊருக்கு, கல்முனைப் பக்கம் வந்த பிறகுதான் என் வாய்க்குள் இருப்பதற்குக் ‘கொலனிப் பல்லு’ என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கப் பழகினேன்.

எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை எனக்குத் தெரிந்தவர்தான். ஏ.எல். படிக்கும்போது டியூட்டரியில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர். ஒருநாள் நான் வழக்கம்போல் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்ல, “கைய எடுத்துட்டுச் சொல்லுங்க, கேக்குதில்ல” என்றார். கையை எடுத்தேன். பின்வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, என் பதிலைக் கரும்பலகையில் எழுதினார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. வேறு எவரும் எனக்கு வேண்டாம் என்று வெட்கமில்லாமல் அல்லாஹ்விடம் கேட்டேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள் அவருடைய உம்மாவும் ராத்தாவும் என்னைப் பார்க்க வருவதாகப் பேச்சு. அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பெண்கள் பார்ப்பார்கள், பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார் உம்மா. நோன்பு பிறந்து நாலாம் நாள் வாப்பா எங்கள் இரண்டு பேரையும் கல்முனைப் பிரதான வீதியில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த பல் டொக்டரிடம் கூட்டிப்போனார்.

டொக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “இது ஊத்தை இல்ல பிள்ளை. பல்லு உருவாகக்குள்ளயே தண்ணியால உள்ளுக்கு ஏறின நிறம். தேய்ச்சிப் போகாது” என்றார். பல்லைச் சுற்றியுள்ள முரசை மறைத்துக் கட்டி, ஒரு மருந்தைக் கொஞ்ச நேரம் மட்டும் வைத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் கழுவி எடுக்க வேண்டுமாம். இரண்டு நாள் விட்டு விட்டு மூன்று தரம் வரவேண்டும். முழுக்கப் போகாது, பார்க்கிறவர் கண்ணில் படாத அளவுக்குக் குறையும் என்றார். எனக்கு அது சொர்க்கம் மாதிரிக் கேட்டது.

உம்மாவுக்கு மட்டும் முகம் கறுத்தது. “நோம்பு பிடிச்சிக்கு வாய்க்குள்ள மருந்தும் தண்ணியும் விடேலா டொக்டர். நோம்பு திறந்தாப் பிறகு வரட்டா?”

“அஞ்சு மணி பஸ்ஸ விட்டா எனக்கு வீட்ட போகேலாதம்மா” என்றார் அவர். அந்தச் சண்டை நாட்களில் பொழுதுபட்டால் அவருடைய ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் யார் போவார்கள்? பெருநாளுக்குப் பிறகு என்றால் நாள் போதாது. எழும்பி வரும்போது, “வீட்டில ஒண்டும் போட்டுத் தேய்க்காதீங்க, தேசிக்காய்ப் புளி தொடவே வேணாம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வாப்பா பின்தங்கி நின்று அவருடன் ஏதோ கதைத்துவிட்டு வந்தார்.

பெண்களுக்கு மாதாமாதம் நோன்பில்லாத நாட்கள் உண்டு. எனக்கும் பத்தாம் நோன்புக்குப் பிறகு அந்த நாட்கள் வந்தன. ஏழு நாள். டொக்டர் சொன்ன மூன்று தரமும் அதற்குள் அடங்கும் என்று நான்தான் முதலில் விரல் மடக்கிப் பார்த்தேன். உம்மாவிடம் சொன்னேன்.

“வாப்பாட்ட எப்பிடி மனே சொல்ற?” என்றார்.

வாப்பா இல்லாமல் பிரதான வீதிக்குப் போவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். எந்த வீட்டிலும் ஒரு பெண் அதை வாப்பாவிடம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை. அந்த ஏழு நாளும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பி அவர் முன்னால் உட்கார்ந்தேன், மாலையில் பாங்கு கேட்டதும் அவரோடு சேர்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். நோன்பாளி மாதிரிக் களைத்துப்போய் நடந்தும் காட்டினேன்.

காலையில் வாப்பா சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டுக் குசினிக் கதவடிக்கு வருவார். “கல்முனைக்குப் போறன். உங்களுக்கு ஏதும் வேல இரிக்கா?” என்பார். ஒருநாள் அவர் வந்த நேரம் என் வாய்க்குள் ரொட்டி. கையிலிருந்த மிச்சத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அடுத்த நாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும்.

ஏழு நாளும் போய்விட்டது. எனக்குப் பைத்தியம் பிடித்தது. உம்மாவின் தங்கச்சி, சாச்சி சொல்லிக்கொடுத்தபடி உமிக்கரியை அரித்து, உப்புச் சேர்த்து, தேசிக்காய்ப் புளி விட்டுக் குழைத்தோம். டொக்டர் தொடவே வேண்டாமென்ற அதே தேசிக்காய். நோன்பு திறந்ததும் அதைப் பூசி இரவு இஷா பாங்குவரை வைத்திருந்து தேய்ப்பேன். மூன்றாம் நாள் பல் வெளுத்த மாதிரித் தெரிந்தது. கண்ணாடியை விட்டு நகரவில்லை நான். அது வெளுப்பில்லை, மினுக்கம் போய்ச் சுண்ணாம்பு மாதிரி ஆனது என்று பிறகுதான் விளங்கியது. அந்தச் சுண்ணாம்புக்கு நடுவில் மண்ணிறம் இன்னும் எடுப்பாகத் தெரிய, இன்னும் அழுத்தித் தேய்த்தேன். முரசு கிழிந்து இரத்தம் வந்தது. பகலில் அந்த இரத்தம் தொண்டைக்குள் போய் நோன்பு முறியுமோ என்று பயந்து துப்பித் துப்பி நா வறண்டது. நோன்பு திறக்கும் முதல் மிடறு தண்ணீர் காதுவரை குத்தும்.

“நோகுதெண்டா வேல செய்யுது மனே, விடாத” என்றார் உம்மா. அவரும் என்னைப் போலவே தவித்துப்போயிருந்தார். நான் விடவில்லை.

பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள், அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அவருடைய உம்மா நல்ல மனுஷி. என்னைப் பக்கத்தில் இருத்தி, தான் செய்து கொண்டுவந்த மஸ்கட்டில் ஒரு துண்டைக் கிள்ளித் தன் கையாலேயே என் வாயில் வைத்தார். அந்த இனிப்பு பல்லில் பட்டதுதான் தெரியும். கண் இருண்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன், கண்ணீர் தானாக வழிந்தது. முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்தேன். அதில் சிவப்பு. வந்த தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சம்பந்தம் பேசிய பெண் வந்து சொன்னார்: “புள்ள நல்ல புள்ளயாம். ஆனா வாயில என்னமோ வருத்தம் போல எண்டு பயப்புர்றாங்க.” பல்லின் நிறத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று உம்மா கேட்டார். “அதப் பத்தி ஒண்டும் கதைக்கல்ல” என்றார் அவர்.

நான் கிணற்றடியில் இருந்து அழுதேன். இனி எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். வாப்பா வந்து சற்றுத் தள்ளி நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கிணற்றுக் கட்டைப் பார்த்துக் கதைத்தார்.

“டொக்டர்ட்ட அண்டைக்கே கதச்சி வெச்சிட்டன் மனே. புள்ளைக்கு நோம்பில்லாத நாள் வரும், கூட்டி வாறன், காலையில நேரம் தாங்க எண்டு. அவரும் ஓம் எண்டார்.”

நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

“ஒவ்வொரு நாளும் வந்து கேட்டன் தானே,” என்றார் வாப்பா, “வேல இரிக்கா எண்டு.”