பட்டாளத்தாருக்கு வலிக்காது

நான் கோடைக்கானல் மலையில் இருக்கும் போளூர் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து ஐந்தாவது வருஷம் அது. பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பிய ஏழு பட்டாளத்தார் ஊரில் இருந்தார்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் கோடைக்கானலுக்கு ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டும். நடக்க முடிந்தவன் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறான்?

ஏழு பேரில் ஒருவர் நாயக்; பட்டாளத்துப் பதவியே ஊரில் அவருக்குப் பேராகிவிட்டது. இடது காலுக்குள் குண்டுச் சில்லை வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தவர். மழைக்காலம் தோறும் புண் வாய் திறக்கும். அந்த வருஷம் திறந்தது மூடவே இல்லை. அவர் மனைவி என்னிடம் வந்து அழுதார்.

“பன்னெண்டு வருசமா வலிக்குதான்னு கேக்குறேன் டீச்சர். இல்லைங்கிறாரு. வீடே நாறிக் கெடக்கு, கொசுக்கடிங்கிறாரு. காலு போயிருமோன்னு பயமா இருக்கு.”

பட்டாளத்து மேலிடத்துக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது எழுதினேன். கோபம் வந்தால் எனக்குக் கையெழுத்து பெரிதாகிவிடும்; மூன்றாவது மனு நான்கு பக்கம் வந்தது. ஒருவருக்கு விடாத குளிர்காய்ச்சல், ஒருவருக்குக் குடலிறக்கம், ஒருவருக்குக் காது போய்விட்டது, நாயக்குக்குக் கால் என்று ஏழு பேர் உடம்பையும் புட்டுப்புட்டு வைத்தேன். அதற்குப் பலன் இருந்தது. பட்டாளத்து டாக்டர் ஒருவர் வருவார், நோயாளிகள் இருப்பது உண்மையானால் மாதாமாதம் வருவார் என்று கடிதம் வந்தது.

சாரல் மழையில் மட்டக்குதிரை மேல் நனைந்துகொண்டு வந்தார் டாக்டர். இளைஞர். தொப்பியும் உடுப்புமாக விறைப்பாக இருந்தார். பள்ளிக்கூட முற்றத்தில் நம் நோயாளிகள் வெள்ளனே எழுந்து சவரம் செய்து, மீசைக்கு விளக்கெண்ணெய் தடவி, பழைய காக்கியில் வரிசையாக நின்றார்கள். நாயக் வீங்கிய காலை எப்படியோ பூட்ஸுக்குள் திணித்திருந்தார்.

“உனக்கு என்ன?” என்றார் டாக்டர் முதல் ஆளிடம்.

“நல்லா இருக்கேன் சார்!”

“ஏன் நடுங்குற?”

“குளிரு சார்!”

குடலிறக்கக்காரர் நன்றாக இருந்தார். காது கேட்காதவர், டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே நன்றாக இருந்தார். நாயக்கும் நன்றாகத்தான் இருந்தார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

டாக்டர் என் மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “டீச்சர், இங்க குதிரைல வந்து இடுப்பு ஒடிஞ்ச ஒரே பேஷண்ட் நான்தான்.”

நான் வரிசைக்குப் போய்க் கத்தினேன். “ஏன்யா, நேத்து வரைக்கும் முனகினீங்களே, அதெல்லாம் எங்க போச்சு?”

குளிர்காய்ச்சல்காரர் வாயசைக்காமல் முணுமுணுத்தார். “ஆபீசர்கிட்ட வலின்னா டிமிக்கின்னு எழுதிருவாக டீச்சர். மூட்டையைத் தூக்கிட்டு மைதானத்தைச் சுத்தணும்.”

சண்டை முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும், போளூரில் இல்லாத மைதானத்தைச் சுற்றப் பயந்துகொண்டிருந்தார்கள்! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. டாக்டரிடம் ஓடினேன்.

“இவங்ககிட்ட கேட்டா சொல்ல மாட்டாங்க சார். ஆர்டர் போடுங்க.”

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, கடைசி வீடு வரை கேட்கிற மாதிரி கத்தினார். “வலி இருக்கிறவன் எல்லாம், ஒரு அடி முன்னால வா!”

பக்கத்து ஆளின் காலைப் பார்த்து அடி வைத்த காது கேட்காதவர் உட்பட, ஏழு இடது கால்கள் ஒன்றாக முன்னே வந்தன. ஆறு நின்றன. நாயக் சல்யூட் அடித்தபடியே சரிந்து விழுந்தார்.

டாக்டர் பூட்ஸைக் கத்தியால் அறுத்தார். அதற்கு மேல் அவர் தமாஷ் பேசவில்லை. “இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னும் ரெண்டு நாள் விட்டா காலை எடுக்கணும்.” தன் குதிரையில் ஏறச் சொன்னார். ஆபீசர் நடக்க நான் குதிரையிலா என்று நாயக் மறுத்துவிட்டார். அதற்கும் ஒரு ஆர்டர் தேவைப்பட்டது.

அடுத்த மாதம் டாக்டர் சொன்னபடி வந்தார், பட்டாளத்து உடுப்பில்லாமல், கம்பளிச் சட்டையில். அன்றைக்கு ஆறு பேரும் சொன்ன வலிகளைக் கேட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

நாயக் ஊர் திரும்ப இரண்டு மாதம் ஆனது. கம்பை ஊன்றிக்கொண்டு, இரண்டு காலோடும் மேட்டில் ஏறி வந்தார். அவர் மனைவி பூண்டுத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, வழக்கம்போலக் கேட்டார். “வலிக்குதாங்க?”

நாயக் விறைத்து நின்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் விறைப்பைத் தளர்த்தினார்.

“வலிக்குது புள்ள. வெரசா வந்து தோள் குடு.”