முதல் கம்பத்து நாற்காலி

காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவில் பதினொரு விளக்குக் கம்பங்கள். முதல் கம்பத்தடியில் இன்று காலை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தேன். அதன் இடது கைப்பிடி விரிசல் விட்டு, கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு போர்மேன் போட்டது.

ஆவடியில் எஞ்சின் பழுதுபார்க்கும் பிரிவில் அவர் எனக்கு மேலே இருந்தவர். ஓய்வுக்குப் பின் எதிர்வீட்டுக்காரர். குடலில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் மருந்தும் முடிந்து வீடு திரும்பியவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இவர் நம்பியது வேறு. "அது உள்ள தூங்கிகினு கீதுப்பா. ஒடம்ப அசைச்சா முயிச்சிக்கும்," என்பார் என்னிடம், அதன் காதில் விழுந்துவிடும் என்பதைப் போலக் குரலைத் தாழ்த்தி. கால்கள் மெலிந்தன. கழிவறைக்குப் போகவே மனைவியின் தோள் வேண்டியிருந்தது.

அந்த அம்மா வாதாடவில்லை. பழுதுபார்த்த எஞ்சினை ஓட்டாமல் ஷெட்டில் போட்டுவைத்தால் போர்மேன் பணிமனையே அதிரக் கத்துவார். மிச்சக் கோபத்தை வீட்டில் கொட்டுவார். வேலைக்காலம் முழுக்க அதைக் கேட்டவர் அந்த அம்மா. ஒருநாள் இந்த நாற்காலியை முதல் கம்பத்தடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். நானும் அங்கிருந்தேன்.

"இன்னாயா, ரிப்பேர் பாத்த எஞ்சின சும்மா போட்டா இன்னா ஆவும்?"

"சீல் காஞ்சி ஆயில் ஒயுவும். அதுக்கின்னா இப்போ?"

"ஒண்ணுமில்ல. சேர வெளிய மறந்துட்டேன். போயி குந்து."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் கால்களைக் கீழே இறக்கினார். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். "மொதல்ல லோடு ஏத்தாம ஓட்டணும்," என்று எனக்குப் பாடம் எடுத்தபடியே நடந்தார். வாரங்கள் போகப் போக நாற்காலியும் கம்பம் கம்பமாகத் தள்ளிப் போனது. அதன்பின் நான்கு ஆண்டுகள் பால் வாங்க அவரே போனார்.

நோய் திரும்பியது. "நான் நடந்துதான் அத எய்ப்பிட்டேனா?" என்று மனைவியைக் கேட்டார். இல்லை என்று டாக்டர் சொல்லியும் அவருக்குத் தீராத கேள்வி அது. அந்த அம்மா அவர் காலைப் பிடித்துவிட்டபடி, "நடக்காம இருந்தா நாலு வருசமும் சுவத்தப் பாத்துகினு கெடந்திருப்பே. அவ்ளோதான்," என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அந்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது எனக்குத் தொண்டையில் கதிர்வீச்சு முடிந்திருக்கிறது. என்னையும் நடக்கச் சொல்கிறார்கள். எனக்குள்ளும் ஏதோ தூங்குவதாகத்தான் படுகிறது, இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறேன். இன்று காலை எதிர்வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார்.

"அண்ணாத்தே, சேர வெளிய மறந்துட்டேன். போயி குந்துங்க."

கேட்டைத் திறந்து நடந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கம்பிக்கட்டின் மேல் கையை வைத்தேன். எதிரே இன்னும் பத்துக் கம்பங்கள்.