பிரபாவதி டீச்சரின் பாஸ்வேர்டு

ல, ள, ழ மாற்றி எழுதினால் அரை மார்க் குறைப்பாள் என்று செங்கல்பட்டில் பிரபாவதி டீச்சருக்கு ஒரு பேர் உண்டு. சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து, தினமும் பஸ் பிடித்து வந்து படித்து, கடைசியில் இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினாறு வருடமாகத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் கேள்வித்தாளை ஸ்டென்சிலில் கையால் எழுதிக் கொடுப்பாள். இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும் என்று 2004இல் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வரும் அவள் கணவர் சுப்புராமன் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். நாற்பத்தொரு வயதில் அவள் தமிழ் டைப் அடிக்கப் பழகினாள்.

ஒரே ஒரு சங்கடம். மகள் ஹம்சினி ஒன்பதாம் வகுப்பு, அதுவும் அம்மாவின் வகுப்பிலேயே. கேள்வித்தாள் இருக்கிற கம்ப்யூட்டர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அதனால் பிரபாவதி அதற்கு பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தாள். கணவருக்குக்கூட அதைச் சொன்னதில்லை.

2005 டிசம்பர் முதல் வாரம். திருப்போரூரில் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம். கிளம்பும் அவசரத்தில் பார்த்தால் மவுஸ் இடம் மாறி இருந்தது. பெருக்கும்போது நகர்ந்திருக்கலாம். ஆனாலும் அரையாண்டுத் தேர்வுத் தாள் உள்ளே இருந்ததால் மனசு கேட்கவில்லை. நின்றபடியே பாஸ்வேர்டை மாற்றினாள். நினைவுக் குறிப்பு ஏதாவது கொடுங்கள் என்று கம்ப்யூட்டர் கேட்டது. இதை எவன் கேட்டான் என்ற எரிச்சலில் ‘எனக்குத் தெரியும்’ என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிட்டுப் பஸ் ஏறப் போனாள். பஸ் நிலையத்துக்குப் போக ஆட்டோ வாசலில் நின்றது.

கல்யாணம் முடிந்து சனிக்கிழமை காலை வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வார்த்தை மறக்கவில்லை. குற்றியலுகரம். அதை இங்கிலீஷ் எழுத்தில் எப்படி அடித்தோம் என்பதுதான் மறந்துவிட்டது. ற்ற என்பதற்கு ஒரு டி போட்டோமா, இரண்டா? கரத்துக்கு கே-யா ஜி-யா? பெரிய எழுத்தில் தொடங்கினோமா? ஒரு நோட்டில் எழுதி எழுதி அடித்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு விதம். ஒன்றும் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த கேள்விக்குறியை அமுக்கினால் ‘எனக்குத் தெரியும்’ என்று திரும்பத் திரும்ப வந்தது.

சுப்புராமன் எட்டிப் பார்த்தார். “உனக்குத் தெரியும்னு அதுவே சொல்லுதே.”

“கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா.”

திங்கள்கிழமை ஒன்பது மணிக்குத் தாள் பள்ளியில் இருக்க வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அப்துல் அஹதுக்குப் போன் போட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டரைச் சேர்த்து அமைத்துக் கொடுத்தவரே அவர்தான்.

“நான் மகாபலிபுரத்துல ஒரு ஓட்டல் வேலயா வந்துகீறேன் டீச்சர். திங்கக்கெழம சாயந்திரம்தான் வர முடியும்.”

“அதுக்குள்ள ஒரு வழியும் இல்லையாப்பா?”

“இன்னாத்துக்கு பேஜாரு? உங்க பொண்ணுக்குத் தெரியுமே. ஜூன் மாசம் சரி பண்ண வந்தப்போ பக்கத்துலயே குந்திகினு பாத்துச்சு. கேட்டுப் பாருங்க.”

பிரபாவதி போனை வைத்தாள். ஜூனிலிருந்து டிசம்பர் வரை விரல் விட்டுப் பார்த்தாள். மாதத் தேர்வு இரண்டு, காலாண்டு ஒன்று. எல்லாத் தாளும் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

ஹம்சினி மொட்டைமாடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கீழே கூப்பிட்டு, “இத தொறக்க உனக்குத் தெரியுமா?” என்றாள் அம்மா.

பெண் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது விழித்துக்கொள்ளும்போதே மேல் வரிசையில் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஒரு பட்டியல் வந்தது. ஒன்றைத் தேர்ந்தாள். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் திரை வந்தது. அதில் பிரபாவதியின் பேருக்கு மேலே, இதுவரை பார்த்திராத ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று இன்னொரு பேர். அதைச் சொடுக்கினாள். அதற்கு யாரும் பாஸ்வேர்டே போட்டிருக்கவில்லை; கேட்காமலே திறந்தது. உள்ளே போய் அம்மாவின் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“இதுக்கு முன்னாடி தொறந்திருக்கியா?”

“ம்.”

“எத்தன தடவ?”

“நீ சனிக்கெழம மீட்டிங் போறப்பல்லாம். பின்பால் கேம் ஆடுவேன். இந்த மாதிரி தொறந்தா சத்தம் வராது. சத்தமில்லாமதான் ஆடுவேன்.”

“கொஸ்டின் பேப்பர்?”

“அது உன் ஃபோல்டர். நான் ஏன் தொடணும்? பாத்திருந்தா காலாண்டுல அறுபத்தெட்டா எடுப்பேன்? யாப்புல பாதி தப்பு. நீதான திருத்தின?”

பிரபாவதிக்கு அந்த விடைத்தாள் கண்முன் வந்தது. நேரசையையும் நிரையசையையும் அவ்வளவு மனப்பூர்வமாக மாற்றி எழுதியவள் தாளைப் பார்த்திருக்க முடியாது. மகளின் ஈரத் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். “இந்தத் தாள நான் குடுக்கப் போறதில்ல. வேற தயார் பண்ணப் போறேன்.”

“நம்பலையாம்மா?”

“உன்ன நம்புறேன். ஆனா மத்த நாப்பது பிள்ளைங்க இருக்கில்ல. அவங்க அம்மா அப்பா யாராவது கேட்டா, என் பொண்ணு பாக்கலன்னு நான் சொன்னா போதுமா?”

ஹம்சினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பாட்டிலும் அந்த முகம் இறங்கவில்லை. மறுநாள் ஞாயிறு. சுப்புராமன் அவளைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினார். வீட்டில் யாரும் இல்லாத அமைதியில் பிரபாவதி முதல் கேள்வியிலிருந்து புதிதாகத் தொடங்கினாள். பழையதைவிட இது நன்றாக வந்தது. குறள் கேள்வியை மாற்றினாள். கட்டுரைக்கு மூன்று தலைப்பு கொடுத்தாள். நாலு மணிக்கு அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டி, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தாள்.

ஆறு மணிக்கு அப்பாவும் மகளும் செருப்பு நிறைய மணலோடு வந்தார்கள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. முகம் சரியாகிவிட்டிருந்தது.

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன். யாப்புல ரெண்டு கேள்வி இருக்கும்னு மட்டும் சொல்றேன். அத எல்லாருக்கும் நாளைக்கு வகுப்புல சொல்லிடுவேன்.”

திங்கள்கிழமை தலைமையாசிரியையிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, அடுத்த வருடத்திலிருந்து ஹம்சினி படிக்கும் வகுப்புக்கு வேறொரு ஆசிரியர் தாள் தயாரிக்கட்டும் என்றார். பிரபாவதிக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அரையாண்டில் ஹம்சினி எழுபத்தொன்று எடுத்தாள்; யாப்பில் ஒரு கேள்வி சரி.

கேள்வித்தாளெல்லாம் அதன்பின் ஒரு ஃபிளாப்பியில் ஏறி டீச்சரின் கைப்பையில் பள்ளிக்குப் போய்வந்தன. கூடத்துக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போடுவதை அவள் விட்டுவிட்டாள். சுப்புராமன் ரயில் நேரம் பார்த்து டைப் செய்து வைத்துக்கொண்டார். ஹம்சினி பாட்டுக் கேட்டாள். சனிக்கிழமைகளில் பிரபாவதி தரையில் விடைத்தாள் பரப்பி, ழ வரவேண்டிய இடங்களில் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் மகள் தலை துவட்டாமல் உட்கார்ந்திருப்பாள். ஜன்னல் வழியாகக் கொளவாய் ஏரிக் காற்று வந்து தாள்களைக் கலைக்கும். இருவரும் சேர்ந்து பொறுக்கி அடுக்குவார்கள்.