ஒரே பக்கம் பார்த்த இரண்டு ஆப்புகளும் ஒரு பருத்தித்துறைப் பயணமும்

என் முழங்கால் வலிக்குக் காரணம் வயது என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டியிருந்தார். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றார். இவர் நம்பவில்லை. "சைக்கிளை வித்துப்போட்டு இனி மோட்டச்சைக்கிளிலை எனக்குப் பின்னாலை இரும்" என்றார். அவருக்குப் பின்னால் இருந்து போவதென்றால், நான் சந்தைக்குப் போகும் நேரத்தையும் அவர்தான் தீர்மானிப்பார். ஆகவே பந்தயம் கட்டினேன். பண்டத்தரிப்பிலிருந்து பருத்தித்துறை வெளிச்சவீடு வரை, ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர், மிதித்தே போவேன். போய்ச் சேர்ந்தால் சைக்கிள் எனக்கு. சேராவிட்டால் அது பழைய இரும்புக்கு.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம். துணைக்கு மாமி மகன் நேசன், சுன்னாகத்தில் போன் கடை வைத்திருப்பவன். வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார், என் சைக்கிளைக் கட்டி ஏற்றக் கயிறும் கையுமாக.

இந்தக் கதைக்குச் சைக்கிளின் நடுப்பகுதி முக்கியம். பெடலைப் பிடித்திருக்கும் கைதான் கிராங். இரண்டு கிராங்கையும் இணைப்பது நடு அச்சு. என்னுடையதில் கிராங்கை அச்சோடு இறுக்குவது கொட்டர் பின், அதாவது ஒரு பக்கம் சீவிய சின்ன இரும்பு ஆப்பு. நேசனின் புதுச் சைக்கிளில் ஆப்பே இல்லை. அச்சு குழாய் மாதிரி உள்ளே வெறுமையாக, தடிப்பாக இருக்கும். வலது கிராங் அதோடு ஒட்டியே வரும். அச்சு உருண்டு சுழலுகிற இரும்புக் குண்டுகள் சட்டத்துக்கு வெளியே இருபக்கமும் கிண்ணத்துக்குள் அடைபட்டிருக்கும். சுன்னாகத்தில் அதை ஒரு தெரு ஓடிப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, மிதித்த மிதி முழுவதும் பின்சில்லைச் சுழற்றப் போகிறது. என்னுடையதில் பாதி காலுக்கே திரும்பி வருகிறது.

புத்தூர் தாண்டியதும் வலி தொடங்கியது. நான் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது வலியை விட எரிச்சல்தான் அதிகம்.

பின்னால் வந்த நேசன் கூப்பிட்டான். "மச்சாள், உங்கடை ஒரு கால் நொண்டுது."

"உன்ரை கண் நொண்டுதடா."

"இல்லை மச்சாள், பகிடி இல்லை. ஒரு பெடல் கீழை போய் நிக்க, மற்றது நேர் மேலை நிக்கேல்லை. கொஞ்சம் சரிஞ்சு நிக்குது."

அச்சுவேலியில் ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தது. கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆர் அக்கா உந்தக் கொட்டரைப் போட்டது?"

நான் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன்.

"ரெண்டு நட்டும் ஒரே பக்கம் பாத்தால்தானே வடிவு" என்றார் என் வீட்டுக்காரர். போன ஆவணியில் அவரே ஆசையாக மாற்றிக் கொடுத்த ஆப்புகள். வலி தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

"வடிவுக்குப் போடுறது தோடு, அண்ணை" என்றார் கடைக்காரர். பெடல்களைக் கிடையாக நிறுத்தினால் ஒரு நட் மேலேயும் மற்றது கீழேயும் இருக்க வேண்டுமாம். இரண்டும் ஒரே பக்கமென்றால் ஆப்பின் சீவல் அச்சைத் தப்பாகப் பிடித்து, ஒரு கிராங் கோணிவிடும். கொஞ்சமாகக் கோணுவதால் கண்ணுக்குப் பிடிபடாது. முழங்காலுக்குத்தான் பிடிபடும். கோணிய கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, பழைய ஆப்பை அடித்துக் கழற்றி, புதியதை மறுபக்கமாக இறக்கினார். ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

நேசனின் சைக்கிளும் வழியெல்லாம் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. "அண்ணை, இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்றான்.

"உந்தக் கிண்ணத்தைக் கழட்டி இறுக்கப் பல்லு வைச்ச சாவி வேணும் தம்பி. என்னட்டை இல்லை."

"பரவாயில்லை, உன்ரை சைக்கிள் தேவாரம் பாடிக்கொண்டு வரட்டும்" என்றேன்.

பிறகு வல்லை வெளி. இருபுறமும் மறைப்பில்லை, வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. நான் வலியை எதிர்பார்த்து எதிர்பார்த்து மிதித்தேன். வரவில்லை. வல்லைப் பாலத்தைத் தாண்டியும் வரவில்லை. நெல்லியடிக்கு முன்னால் நேசனை விலத்தி முன்னே போனேன்.

"மச்சாள், கொஞ்சம் பொறுங்கோவன்."

"கால் நொண்டுதோ, தம்பி?"

பத்து மணிக்கு முன்னரே வெளிச்சவீட்டு மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கடலைப் பார்த்தபடி தட்டைவடை கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வந்து இறங்கினார். "பந்தயத்திலை வெண்டிட்டீர்தானே, இனி ஏறும். கட்டி ஏத்திக்கொண்டு போவம்."

"நீங்கள் முன்னாலை போய்ச் சோத்தை வையுங்கோ. நான் வந்து சாப்பிடுறன்."

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசியில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அது முதுகில் தள்ளும். வல்லையில் நிழலில்லை, தண்ணீரை அச்சுவேலியிலேயே நிரப்புங்கள். புதுச் சைக்கிள் வாங்குவதென்றால் நேசனுடையது சுகம்தான், ஆனால் அதன் சாவியையும் சேர்த்து வாங்கிப் பையில் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில், சதுர முனை அச்சும் மூடிய குண்டுப் பெட்டியும் உள்ள வகை ஒன்று இருக்கிறது. அதில் கிராங்கைப் பிழையாகப் போட்டால் கால்வட்டம் தள்ளி நிற்கும், ஏறிய உடனே தெரிந்துவிடும். நானென்றால் அதைத்தான் வாங்குவேன். இப்போதைக்கு வாங்கத் தேவையில்லை. கொட்டர் பின் சைக்கிள்காரர் புறப்படுமுன் நட்டுகளைப் பாருங்கள், முக்கியமாக வீட்டுக்காரர் கைவைத்திருந்தால்.

அவர் கொண்டுவந்த கயிறு நல்ல கயிறு. கிணற்றடியில் கொடியாகக் கட்டிவிட்டேன். அவருடைய சாரங்களை அதில்தான் காயப்போடுகிறேன்.