அண்ணன் இல்ல, புருஷன்

மேனாம்பேட்டில் வந்து வேம்புலி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் ஷெட்டைக் காட்டும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் தகடு அடிக்கிற ஹெல்ப்பராக நுழைந்து, இன்றைக்குச் சொந்தமாக நாலு பிரஸ் ஓட்டுகிறேன். யார் கையையும் பிடித்து மேலே வரவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தது என் சம்சாரம் அனுசுயாவைப் பற்றி.

அனுசுயா அதே எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கர். தைத்து வருகிற சட்டையை விரித்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பாஸ், பிரித்துத் தைக்கணும் என்றால் ஆல்டர், தேறாது என்றால் ரிஜெக்ட். வேலையை விட்ட பிறகும் அந்த மூணு வார்த்தையை அவள் விடவில்லை. கத்திரிக்காய்க்கும் அதுதான், பக்கத்து வீட்டு மாப்பிள்ளைக்கும் அதுதான். நான் பெரும்பாலும் ஆல்டர்.

கல்யாணமான புதுசிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மேட்னி எங்களுக்குக் கட்டாயம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஒரு தியேட்டரை விட்டதில்லை. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். வெளியே வந்து டீக்கடையில் முதல் வாய் டீ உள்ளே போகிறவரை படத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. போன பிறகு மனசில் பட்டதைத்தான் சொல்லணும், அடுத்தவருக்காக மாற்றிச் சொல்லக் கூடாது. ஊரே தூக்கி வைத்து ஆடிய படத்தை "காலர் கோணல், ரிஜெக்ட்" என்று ஒரே வரியில் தள்ளியிருக்கிறாள். ஒரு சண்டைக்கு நான் விசிலே அடித்தேன். அதற்கு அவள், "வரிசையா நின்னு ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்கறானுங்க. ரேஷன் கடைக்கா வந்தானுங்க?" என்றாள்.

போன வருஷம் பூந்தமல்லியில் ஒரு குடும்பப் படம் பார்த்தோம். ஒரே வீட்டில் ஒரு தாடிக்காரனும் ஒரு பெண்ணும். முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளமாட்டார்கள், தனித்தனியாகப் படுப்பார்கள். கடைசியில் அவளைக் காப்பாற்ற அவன் ஏரியில் குதித்துச் செத்துப்போனான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வழக்கமாகக் குடிக்கிற நடேசன் டீக்கடைக்கு வந்தேன். முதல் வாய் டீ இறங்கியதும் சொன்னேன்.

"பாஸ்மே. தங்கச்சிக்காக உசுரையே உட்டான் பாரு, அவன் அண்ணன்."

"யாரு?"

"அந்தத் தாடிக்காரன்தான்."

"யோவ், அவன் அண்ணன் இல்ல. புருஷன்."

நடேசன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். "அண்ணாத்தே, நீ ஒரு படம், அண்ணி ஒரு படமா பாத்துட்டு வந்தீங்க?"

"சவுண்டு சரியில்லப்பா," என்றேன்.

சவுண்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நாற்பது வருஷம் தடதடவென்று பிரஸ் அடித்த காது எனக்கு. மூணு வருஷமாகவே பேச்சு பிடிபடவில்லை. வாயசைவைப் பார்த்து நானாக ஒரு கதை கட்டிக்கொள்வேன். அதற்கு பாஸும் ரிஜெக்டும் வேறு! வெளியே சொல்ல பயம். காது போச்சு என்று தெரிந்தால் ஆர்டர் கொடுக்கிறவர்கள் கிழவன் என்று ஒதுக்கிவிடுவார்களே.

மறுநாள் காலையில் நான் சாப்பிடுகிறேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ஏதோ சொன்னாள்.

"ம், ஒண்ணு போடு," என்றேன்.

தோசைக் கரண்டியோடு எதிரில் வந்து நின்றாள். "ஊடு பத்திக்கினு எரியுது, ஓடு ஓடுன்னு சொன்னேன். ஒண்ணு போடுன்ற."

அவள் கத்தவில்லை. உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னாள். "காது கேக்கலன்னா அது சீக்கு, அதுக்கு வைத்தியம் கீது. கேக்காத படத்துக்கு பாஸ் சொன்னியே, அதான் தப்பு. பிரிச்சிப் பாக்காத பீஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டறவளை நாங்க பக்கத்துலயே சேக்கமாட்டோம். காதைப் பாரு. அதுவரைக்கும் உன்கூட படத்துக்கு வரமாட்டேன்."

"வராட்டி போ," என்றேன். நான் யார், வேம்புலி இல்லையா?

நாலு ஞாயிறு வீட்டிலேயே கழிந்தது. அஞ்சாவது ஞாயிறு வீம்பாக ஆவடிக்குத் தனியாகப் போனேன். சிரிப்புப் படம் போல. தியேட்டரே சிரித்தது. எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். வெளியே வந்து டீ வாங்கினேன், முதல் வாய் குடித்தேன். சொல்ல ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்து அவளிடம், "நாளைக்குக் கூட்டிக்கினு போ," என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

காது டாக்டர் சோதித்துப் பார்த்ததில் வலது காது முக்கால்வாசி போயிருந்தது, இடது பாதி. ரெண்டுக்கும் காது கேட்கிற மிஷின் வைத்தார்கள். முதல் வாரம் குக்கர் விசிலுக்கே தூக்கிவாரிப்போட்டது. கழற்றி வைத்தால் அவள் பேசாமல் எடுத்து வந்து மறுபடி மாட்டிவிடுவாள்.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லி. முன்சீட்டில் பாப்கார்ன் பை நொறுங்குகிறது, பின்னால் எவனோ போனில் "படத்துல கீறேன்டா" என்கிறான். அத்தனையும் கேட்டது. இடைவேளைக்கு முன்னால் ஒரு காமெடி வந்தது. பக்கத்தில் யாரோ க்ளுக் க்ளுக்கென்று, மூச்சு முட்டச் சிரிக்கிறார்கள். திரும்பினால் அனுசுயா. மூணு வருஷமாக அவள் தோள் குலுங்குவதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. அதற்கப்புறம் பத்து நிமிஷம் நான் படமே பார்க்கவில்லை.

நடேசன் கடையில் முதல் வாய் இறங்கியது.

"பாஸ்," என்றாள்.

"ரிஜெக்ட்," என்றேன். "அம்மாகாரி ஆஸ்பத்திரியில கீறா, அவன் இன்னாடான்னா பக்கம் பக்கமா வசனம் பேசறான். ஓடிப்போய் பாக்கவேணாமா?"

"அந்த வசனம்தான்யா படமே!"

"ஒரு எழுத்து விடாம கேட்டேன்மே. தேறாது."

அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இது பேச்சு. தப்பாச் சொன்னாலும் கேட்டுட்டுச் சொல்ற. வர ஞாயித்துக்கெழமை ஆவடி போலாம்."

ஷெட்டுக்கு வருகிறவர்கள் இப்போது, "காதுல இன்னா நைனா?" என்று கேட்கிறார்கள். ஆர்டர் ஒன்றும் குறையவில்லை. நாலு பிரஸ்ஸும் நானாகச் சம்பாதித்தது என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன். இந்தக் காதைக் கேட்டால், "இது என் சம்சாரம் குடுத்தது" என்றுதான் சொல்கிறேன்.